தனியாக வருவோர் இவ்வழி

எப்படியாவது மனைவியைக் கத்தவிடாமல் தடுத்துவிடுவது என்று பஸ் டிப்போ டைம்கீப்பர் சபதம் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் கத்தும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மனுஷனுக்கு இந்த வீரம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? தொண்டை டாக்டர் கொடுத்த வீரம்.

அவள் தொண்டையில் ஒரு கட்டி. ஜனவரியில் ஆபரேஷன். "அப்புறம் குரல் திரும்பி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அதுவரைக்கும் சத்தம் போடவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஈ பறந்தால் கேட்கிறது. டைம்கீப்பர் ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுப் பார்த்தார். அவள் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தீம் பார்க்குக்குப் போலாமா? ரோலர் கோஸ்டர்ல ஏறி ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கத்திடறேன். வீட்ல கத்தினா அக்கம்பக்கம் ஓடி வரும். அங்கே கத்தினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"டாக்டர் திட்டுவாரே?"

"அவரும் வேணும்னா வரட்டும். பின்சீட்ல உக்காரட்டும்."

சரி என்று தலையை ஆட்டிவைத்தார். ஆனால் பஸ் டிப்போவில் கூட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் அல்லவா? கிறிஸ்துமஸ் விடுமுறையில், அதிலும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவளைக் கூட்டிப்போனார். வரிசை நகரவே நகராது. பார்க்கை மூடிவிடுவார்கள். குரல் தப்பிவிடும்.

நினைத்த மாதிரியே எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதுவும் போதாதென்று பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழி விட ஆரம்பித்தார்.

"குழந்தையோட நிக்கறீங்களே, முன்னாடி போங்க. நீங்க புதுசாக் கல்யாணம் ஆனவங்களா? போங்க, போங்க."

"இன்னிக்கு என்ன, தருமப் பிரபு ஆயிட்டீங்க?" என்று மனைவி காதோரம் கிசுகிசுத்தாள். "சரி, நில்லுங்க. தாகமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

போனாள். வரவில்லை. எங்காவது நிழலில் உட்கார்ந்துவிட்டாள் என்று டைம்கீப்பருக்கு ஏக நிம்மதி. அவள் இல்லாதபோது தருமம் எதற்கு என்று சும்மா நின்றார். பின்னால் இருந்தவர்கள் நெட்டித் தள்ள, ஒன்றரை மணி நேரத்தில் வாசலுக்கே வந்துவிட்டார். அப்போது ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து தலைகுப்புற இறங்கியது.

"ஏ...ங்...க!"

வரிசையில் நின்ற புருஷன்மார்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். டைம்கீப்பர் மட்டும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த 'ஏங்க' அவருக்கானது. இனிமேல் கேட்குமோ கேட்காதோ.

கொஞ்ச நேரத்தில், தலை கலைந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள் அவள்.

"எப்படிடி ஏறினே?"

சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். 'தனியாக வருவோர் இவ்வழி.' வண்டியில் ஒற்றையாக மிஞ்சுகிற சீட்டுகளுக்கான வரிசையாம். விறுவிறுவென்று நகர்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன்" என்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

"ரெண்டு தடவையா? எனக்கு ஒரு தடவைதானே கேட்டுது?"

"முதல் தடவை அழுகைதான் வந்துது. அதான் மறுபடியும் போனேன்."

திட்டுவதற்காக வாயைத் திறந்தார் டைம்கீப்பர். அதற்குள் ஊழியர் கதவைத் திறந்து, "அடுத்தவர் வாங்க சார்" என்றார். டைம்கீப்பர் நைசாகப் பின்வாங்கப் பார்த்தார். அவள் கம்பி வழியாகக் கையை நீட்டி, அவர் முதுகில் வைத்துத் தள்ளினாள்.

"போங்க. நீங்களும் வாய் விட்டுக் கத்திட்டு வாங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் அழுவீங்க?"