முட்லூர் மந்திரத்துக்கு அடங்கிய சுவர்ப் பேய்

ஐப்பசி மழை பத்து நாளாக விடவில்லை. கடலூர் முதுநகரில் வீட்டுக்கு வீடு சுவர் கறுத்தது. கறுத்த வீட்டுக்கெல்லாம் கண்ணாயிரம் சாமியார் வந்தார். ஒரு செம்புத் தீர்த்தம், நாலு வரி மந்திரம், ஒரு துடைப்பு. கறுப்பு போய்விடும். அதற்குச் ‘சுவர்ப் பேய்’ என்று அவரே பெயரும் வைத்தார். ஒரே வாரத்தில், பேய் வராத வீடு கௌரவக் குறைவான வீடு என்றாகிவிட்டது. ஒருவர் பக்கத்து வீட்டில் போய்க் கொஞ்சம் கறுப்பு கிடைக்குமா என்று கேட்டதாகக்கூடக் கேள்வி.

தில்லையம்மாள் வீட்டுப் பேய் மட்டும் பிடிவாதக்காரப் பேய். மூன்று முறை துரத்தியும் படுக்கையறைக்கே திரும்பியது. சாமியார் கண்ணை மூடி யோசித்தார். அது மருமகள் கயல்விழியோடு வந்ததாம். அவள் போனால்தான் போகுமாம். அதுவரை ஜன்னலைத் திறக்கவே கூடாதாம்.

கல்யாணமாகி ஐந்தே மாதம். தில்லையம்மாள் அழுதுகொண்டே மருமகளின் பெட்டியைக் கட்டினாள். மகன் அன்பரசு, தாய்வீடான சேத்தியாத்தோப்புக்கு அவளை பஸ் ஏற்றி அனுப்ப ஆட்டோ பிடிக்கப் போனான். வழியனுப்பத் தெருவே கூடியது. பேய்க்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று விவாதம் நடந்தது.

எதிர்வீட்டு தேவசகாயம், ஓய்வு பெற்ற கண்டக்டர், கூட்டத்தை விலக்கி வந்து சாமியார் கையிலிருந்த செம்பை மோந்து பார்த்தார்.

“சாமி, பேயைத் தொரத்தறது மந்திரமா, தண்ணியா?”

“மந்திரந்தான். தண்ணி சும்மா தொணைக்கு.”

“அப்ப நீங்க மந்திரம் சொல்லி எங்க வீட்டுக் கொழாத் தண்ணியில பாதிச் சொவத்தத் தொடைங்க. ஒங்க தண்ணியில மீதியை நான் தொடைக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச மந்திரம் ஒண்ணுதான்.”

கூட்டத்தின் முன் சாமியாரால் மறுக்க முடியவில்லை. எல்லோரும் படுக்கையறைக்குள் நுழைந்தார்கள். மந்திரம் முழங்கியது, கறுப்பு மையாக இழுகியதே தவிர நகரவில்லை. தேவசகாயம் துணியை நனைத்தார். “ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம்... சில்லறையா குடுங்க.” சுவர் பளிச்சென்று வெளுத்தது. முட்லூர் வந்தபோது கூட்டத்தில் நின்ற கொளஞ்சியம்மாள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ப்ளீச்சிங் பவுடர்க்கா,” என்றார் அவர் தில்லையம்மாளிடம். “டிப்போவுல கக்கூஸ் கழுவுறது.”

பிறகு ஏன் திரும்பி வருகிறது என்று அவள் கேட்டாள். அவர் பீரோவைத் தள்ளினார். மழையடிக்கும் சுவரோடு ஒட்டிவைத்த கல்யாணச் சீர் பீரோ. அதன் முதுகில் நீர் சொட்டியது. பக்கத்திலேயே கொடியில் ஈரத்துணி. மூடிய ஜன்னல்.

“பொண்ணோட வந்தது பேய் இல்லக்கா, பீரோ. ஒரு சாண் தள்ளிப் போடுங்க, காத்து போவட்டும். துணியை வெளித் தாழ்வாரத்துல காயவைங்க. மழை விட்டதும் வெளிச்சொவத்து விரிசலை நானே வந்து பூசித் தரேன்.”

செம்பையும் விட்டுவிட்டுச் சாமியார் எப்போதோ போயிருந்தார்.

தில்லையம்மாள் மருமகளின் பெட்டியைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறி, மடித்து, பீரோவில் அடுக்கினாள். கயல்விழி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

அந்த ப்ளீச்சிங் பவுடர் நெடியை ஒரு வாரமாகத் தெருவே மோந்துகொண்டுதான் இருந்தது. கும்பிடக் கை கொடுத்த கடவுள்தான் மூக்கையும் கொடுத்தார். ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புமுன் அதையாவது பயன்படுத்துங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.