தாய்மாமன் சீரா வந்த லேசர் மிஷின்

கெப்பாலா பத்தாஸில் இருக்கும் மச்சான் மோகனராஜ் அவர்களுக்கு, ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டிலிருந்து உங்கள் அக்கா புருஷன் பக்கிரிசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க தண்ணீர்மலை முருகனை வேண்டுகிறேன். இங்கே எங்கள் சுகத்தை நீங்கள் அனுப்பிய பெட்டி பார்த்துக்கொண்டது.

இதுக்கு மேல எனக்கு 'நீங்க' வரல மச்சான். போன்ல என்னை பிளாக் பண்ணிட்ட. குடும்ப குரூப்பை விட்டும் ஓடிட்ட. அதான் போஸ்ட் ஆபீஸ் போயி ஸ்டாம்பு வாங்கி எழுதுறேன். இந்தக் காலத்துல ஸ்டாம்பு கேட்டு வந்த ஆளைப் பாத்து கவுண்டர் பொண்ணு சிரிச்சிச்சு. அந்தச் சிரிப்பையும் உன் பேர்லதான் எழுதி வச்சிருக்கேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம்னா தாய்மாமன் என்ன கொண்டு வருவான்? பட்டு, மாலை, பழத்தட்டு. நீ ஒரு அட்டைப்பெட்டியை அனுப்பிட்டு, "அத்தான், இது லேசர் மிஷின், மரத்துல பேரைச் சுட்டு எழுதும்லா. வர்றவங்களுக்குக் குடுக்குற டோர் கிஃப்ட் குங்குமச் சிமிழ்ல எல்லாம் பொண்ணு மாப்பிள்ளை பேரை நீங்களே போட்டுக்கலாம், பின்னால அதையே பிஸ்னஸ் பண்ணலாம்"னு சொன்ன. "ஞாயித்துக்கிழமை வந்து நானே மாட்டித் தரேன்"னும் சொன்ன. எந்த ஞாயித்துக்கிழமைன்னு நான் கேக்காம விட்டுட்டேன். ஒவ்வொரு வாரமும் உனக்கு ஓவர்டைம்.

சரின்னு நானே பிரிச்சேன். தண்டவாளம் மாதிரி அலுமினியம், பல்லு வச்ச பெல்ட்டு, அரிசியில கிடக்குற கல்லு சைஸுல ஸ்குரு. அதுல ஒண்ணு உருண்டு அடுப்புக்கடியில போயிருச்சு. அதைத் தேடுனப்பதான் தீபாவளிக்குக் காணாப்போன முறுக்கு அச்சு கிடைச்சிச்சு, அது வேற கதை. புஸ்தகத்துல எனக்குப் புரிஞ்சது படம் மட்டும்தான். படத்துல ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே மாட்டுறான். அவனுக்கு மச்சான் கிடையாது போல.

எப்படியோ மாட்டி ஓட விட்டேன். வயரை மாத்திக் குடுத்துட்டேன் போல, ஷர்மினி பேரும் மாப்பிள்ளை லோகேஸ்வரன் பேரும் இடம் வலமாத் திரும்பி விழுந்துச்சு. உன் அக்கா நல்லம்மா சொல்றா, "வர்றவங்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடியும் சேத்துக் குடுத்துருவோம்." அதைச் சரி பண்ணிட்டேன். அதோட விட்டிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன். மறுநாளு வெள்ளிக்கிழமை, பூஜை போட்டுட்டு ஆரம்பிப்போம்னா உன் அக்கா. அவளைத் தெரியும்ல? வீட்டுக்குள்ள புதுசா எது வந்தாலும் சந்தனம் வச்சு குங்குமம் வைப்பா. என் மூக்குக்கண்ணாடிக்கே வச்சவ. அன்னைக்கு மார்க்கெட்ல எதிர்ல வந்த சீனப் பாட்டிக்கெல்லாம் நெத்தியில பொட்டு தெரிஞ்சிச்சு எனக்கு.

பூஜைக்கப்புறம் மிஷின் ஓடுது, சத்தம் வருது, எரியல. மரத்துல டீ சிந்துன மாதிரி ஒரு நெழலு. எனக்கு வந்துச்சே கோவம். "சொந்த அக்கா மகளுக்கு ஓட்டை மிஷின் அனுப்புன தாய்மாமன்"னு குரூப்ல போட்டேன். நீ பவர் கூடுன லேசர் தலை ஒண்ணு வாங்கி அனுப்புன. அதை மாட்டுனேன். உன் அக்கா அதுக்கும் பொட்டு வச்சா. அதுவும் எரியல. "இந்தத் தலையும் உன் தலை மாதிரிதான், உள்ள ஒண்ணுமில்ல"ன்னு போட்டேன். அதோட நீ குரூப்பை விட்டுப் போயிட்ட.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் அக்கா பழைய பொட்டைத் துடைச்சிட்டு, புதுசு வைக்க சந்தனம் கரைக்கப் போயிருக்கா. அந்த நேரத்துல ஷர்மினி சும்மா தட்டிப் பாத்திருக்கா. சுர்ருன்னு புகை! லேசர் தலைக்கு அடியில இருக்குற கண்ணாடி வழியாதான் வெளிச்சம் எறங்கணுமாம். அதுலயே பொட்டு வச்சிருக்கா மகராசி. "கண்ணு மாதிரி இருந்துச்சு, அதான் அதுல வச்சேங்க"ங்குறா. நான் கேக்குறேன் மச்சான், கண்ட எடத்துல பொட்டு வைக்கிறது யார் வீட்டுப் பழக்கம்? எங்க அம்மா சாமிக்கே யோசிச்சுதான் வைப்பாங்க. அப்ப இதுவும் உன் குத்தம்தான்.

அப்புறம் எரிஞ்சிச்சு, நல்லாவே எரிஞ்சிச்சு. புகையை ஊதித் தள்ள மீன் தொட்டி பம்பை மாட்டுனேன், ஜன்னல்ல ஃபேன் வச்சேன். புகை நேரா மேல் மாடி ஷேக் அலாவுதீன் பாய் வீட்டுக்குள்ள போயிருச்சு. அவரு பொம்பாவுக்குப் போன் பண்ணிட்டாரு. தீயணைப்பு வண்டி கீழ நிக்குது, ஃப்ளாட்டே வந்து எட்டிப் பாக்குது, நான் சாரத்தோட நிக்கிறேன். வந்த ஆபீசரு இமான், சட்டையில பேரு இருந்துச்சு, மிஷினைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அவரு பொண்ணு பேர்ல ஒரு கீசெயின் போட்டுத் தர முடியுமான்னு கேக்குறாரு. போட்டுக் குடுத்தேன். முதல் கஸ்டமரு, காசு வாங்குற நெலமையில நான் இல்ல.

அதனால தீர்மானமா சொல்றேன். கல்யாணத்துக்கு நீ வர வேணாம். பத்திரிகையில உன் பேரு இருக்கு, அது அச்சுக்காரன் அவசரம். தாய்மாமன் செய்ய வேண்டியதை என் பெரியப்பா மகன் செய்வான். அவன் நல்லம்மாவுக்குத் தம்பி இல்லதான், ஆனா ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை வருவான்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம் நெறைய. மிச்சம் இருந்தா நீ எடுத்துக்க.

இப்படிக்கு,
பக்கிரிசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனப்ப ஷர்மினி ஒரு பலகையைக் கொண்டாந்து காட்டுனா. மணவறை பக்கத்து நாற்காலிக்காம். 'தாய்மாமன் மோகனராஜ்'னு போட்டிருக்கா. பொட்டைத் துடைச்ச அன்னைக்கு முதமுதல்ல எரிஞ்சதே இதுதானாம், எங்கிட்ட காட்டாம மறைச்சு வச்சிருந்திருக்கா. "மாமா வந்து அந்த நாற்காலியில உக்காந்தாதான் நான் மேடை ஏறுவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ தூங்குனதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் பாத்தேன். நீ அனுப்புன தலை ரொம்ப ஆழமா எறங்கியிருக்கு மச்சான், பேரு போக மாட்டேங்குது. வந்து உக்காந்துரு.