தப்பே செய்யாத பழமலைநாதன்

தோற்றுப்போன பிறகு செல்போனைத் திறந்து, புள்ளிவிவரப்படி தான் தோற்கவே இல்லை என்று காட்டும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். விருத்தாசலத்தில் அந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி பழமலைநாதன். பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் மனைவி பானுமதியோடு ஜோடி சேர்ந்து ஷட்டில் ஆடுவார்.

சூளையிலிருந்து வந்த சரக்கில் விரிசல் விட்டதைத் தனியே பொறுக்குவதுபோல, யார் நெட்டில் அடித்தது, யார் கோட்டுக்கு வெளியே அடித்தது, யார் சர்வீஸைக் கோட்டை விட்டது, அப்போது மின்விசிறி ஓடியதா என்பது வரை போனில் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே அறிக்கை வாசிப்பார்.

“பானு, இந்த மாசம் உன் தப்பு நாப்பத்தொண்ணு. என்னுது ரெண்டு. நம்ம ஆட்டம் முன்னேறணும்னுதான் சொல்றேன்.”

பானுமதி நம்பினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் மார்க்கை நம்பாமல் இருப்பாளா? காம்பவுண்டுச் சுவரில் அடித்து அடித்துப் பழகினாள். மணிக்கட்டு வீங்கியது. தப்பு ஐம்பதானது. பேட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினாள்.

எதிர்ப்பக்கம் ஆடும் அன்பரசிதான் ஒருநாள் கேட்டாள்: “எல்லாப் பந்துக்கும் நீங்கதான டீச்சர் ஓடுறீங்க? சாரு சும்மாதான நிக்கிறாரு?”

அன்று வீட்டில் பானுமதி மெல்லக் கேட்டாள்: “ஏங்க, அடிக்காம வுட்ட பந்து எந்தக் கணக்குல வருது?”

“அடிச்சாத்தான தப்பு? வுட்டது எப்படித் தப்பாவும்?” என்றார் பழமலைநாதன், சாந்தமாக.

பொங்கல் போட்டியின் முதல் ஆட்டத்தில் பானுமதியும் கைக்கு வந்ததை மட்டுமே அடித்தாள். நடுவில் விழுந்த பந்துகளை இருவரும் மரியாதையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

“பானு, உன்னுது!”

“இல்லீங்க, நீங்க அடிங்க.”

எதிராளிகளுக்கு வியர்க்கக்கூட இல்லை.

இப்போதாவது மனிதருக்கு உறைக்கும் என்று அவள் காத்திருந்தாள். வெளியே வந்து வண்டியில் சாய்ந்தபடி போனைப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

“பானு! உனக்கு ஒரே தப்பு. எனக்கு அதுவும் இல்ல. நம்ம ஜோடி இவ்ளோ நல்லா ஆடுனதே கிடையாது!”

பானுமதி மறுநாளே போய் அன்பரசியோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். இன்றைக்கும் விழுந்து புரண்டு எல்லாப் பந்துக்கும் ஓடுகிறாள், தப்புக்குக் குறைவில்லை. சென்ற மாதம் சிதம்பரத்தில் இருவரும் கோப்பை வாங்கிவந்தார்கள். அதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று பழமலைநாதன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சண்டையில் யார் எத்தனை முறை குரலை உயர்த்தினார்கள் என்று கேட்டால், உடனே சொல்லிவிடுவீர்கள். உங்களுடைய எண்ணிக்கைதானே குறைவு?