சாமி இறங்கிய நாற்காலிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்

பழனிசெட்டிபட்டி,
வியாழக்கிழமை.

கம்பத்தில் மைக் செட் வைத்திருக்கும் என் தாய்மாமன் தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, மருமகன் சூரியபிரகாஷ் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே ஆம்ப்ளிஃபையரைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் மூட்டு வலியை அடுத்த முறை விசாரிக்கிறேன், இப்போது நேரமில்லை. போனில் சொல்லலாம்தான். குழாய் ஸ்பீக்கருக்கடியில் நின்று நின்று போன காது உங்களுக்கு. நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும். விஷயம் தெருவுக்குத் தெரிந்தால் எனக்குக் கல்யாணம் கிடையாது.

போன ஞாயிறு வடுகபட்டியிலிருந்து, எனக்குப் பேசியிருக்கும் நாகஜோதியின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அவள் அப்பா சுந்தரலிங்கம் பூண்டு மண்டிக்காரர். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு வீடு வீடாக ஹோம் தியேட்டர் மாட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "படிச்ச புள்ளதான், இல்லேங்கல. ஆனா பாட்டுப் பெட்டி மாட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்கு என் தொழிலைக் காட்டத்தான் ஹாலில் மூன்று சாய்வு நாற்காலி போட்டு, அடியில் பேஸ் ஷேக்கர் திருகியிருந்தேன். கோயில் ஸ்பீக்கரோடு நின்றுவிட்ட உங்களுக்கு அது தெரிந்திருக்காது. தனியாகச் சத்தம் போடாது, மேளத்தின் அடி விழும்போது உட்கார்ந்திருப்பவர் முதுகை உலுக்கும், அவ்வளவுதான். நாலு ஓம் ஷேக்கர் மூன்றையும் பேரலலில் கொடுத்தால் ஆம்ப் தாங்காது என்பது எனக்குத் தெரியும், பாடம் நடத்த வேண்டாம். அவர்கள் கார் வாசலுக்கு வந்துவிட்டது, ஒயரையெல்லாம் அப்படியே முறுக்கி டேப் சுற்றிவிட்டேன்.

ஆம்பிளைகள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டார்கள். சாய்வு நாற்காலிகளில் ஏறியது நாகஜோதி, அவள் அம்மா, சுவரோரம் சுந்தரலிங்கத்தின் அக்கா மாயக்காள். நான் குண்டு வெடிக்கிற படமாகத் தேடிக்கொண்டிருக்க, அப்பா ரிமோட்டைப் பிடுங்கி வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வீடியோவைப் போட்டுவிட்டார். உறுமி மேளத்தின் அடி விழுந்ததுதான் தாமதம், மாயக்காளம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கியது. "ஏலே சுந்தரலிங்கம்! எம் புள்ளைய இந்த வீட்டுல குடுக்காம வேற எங்கன குடுக்கப் போற?" என்று ஒரே அதட்டல். "எனக்கும் ஒடம்பெல்லாம் அதிருதே ஆத்தா!" என்று நாகஜோதியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டது. அந்த நேரம் பார்த்து ஆம்ப் கருகியது. "சாம்பிராணி வாசம் வருது பாருங்க" என்று எங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சுந்தரலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிவிட்டார். ஆனால் வியாபாரி, லேசில் விடவில்லை. "சாமி ஒரு வாட்டி சொன்னா பேச்சு, ரெண்டு வாட்டி சொன்னாத்தேன் வாக்கு. எங்க குடும்ப வழக்கம் அது. வர்ற ஞாயித்துக்கெழம வர்றோம். அதே நாற்காலி, அதே மேளம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நாகஜோதி போன் செய்தாள். "நெசத்தச் சொல்லுங்க, நாற்காலிக்கடியில என்ன வச்சிருக்கீக?"

"ஷேக்கர். இப்ப ஆம்ப் புகைஞ்சு போச்சு."

"ஞாயித்துக்கெழம அது ஓடலைன்னா எங்கப்பா சின்னமனூர் பேங்க் மாப்பிள்ளைக்குச் சரின்னுருவாக. இன்ஜினியருக்குத்தான படிச்சீக?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அம்மாவோ நாற்காலிக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். தூக்கமே இல்லை மாமா. பந்தலுக்குக் கொடுக்கிற பெரிய ஆம்ப்பில் ஒன்றைச் சனிக்கிழமைக்குள் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். யார் கேட்டாலும் ஸ்பீக்கருக்கு என்றே சொல்லுங்கள்.

அத்தைக்கும் கயலுக்கும் என் அன்பு. ஆடி மாதச் சுருளி அருவி மாதிரி உங்கள் தொழில் கொட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை அல்ல, ஆம்ப்பை எதிர்பார்க்கும்
சூரியபிரகாஷ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது, எதற்கும் ஒயரைப் பார்த்துவிடலாம் என்று மாயக்காளம்மா உட்கார்ந்த நாற்காலியைக் கவிழ்த்தேன். அவசரத்தில் அதற்கு மட்டும் கனெக்‌ஷனே கொடுக்கவில்லை, மாமா. மற்ற இரண்டும்தான் அதிர்ந்திருக்கின்றன. நடுவே ரப்பர் போட்டிருக்கிறேன், அடுத்த நாற்காலிக்கு அதிர்வு போகவும் வழியில்லை. ஒன்று, அந்தம்மா எனக்காக நடித்திருக்க வேண்டும். இல்லை, சாமியே வந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் அவர் காலில் விழுந்துதான் ஆக வேண்டும். ஆம்ப் வேண்டாம். நல்ல வேட்டி ஒன்று கொடுத்தனுப்புங்கள்.