லேசர் மாமா

ஒப்பரேஷன் செய்துகொண்டவர் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். செய்துகொள்ளாதவர்தான் இரண்டு மணிநேரம் பேசுவார். இந்த இனத்தை நீங்கள் எங்கும் பார்க்கலாம். ஹட்டனில் அதற்குப் பெயர் யோகேஸ்வரன். புடவைக் கடையில் துணி அளந்து கிழிப்பது அவருடைய தொழில். ஊரில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் டொக்டருக்கு முந்தித் தீர்ப்புச் சொல்வது அவருடைய வாழ்க்கை.

அவருடைய அக்கா மகள் பூரணி, வட்டவளைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. மழையும் பனிமூட்டமும் மாறி மாறிக் கண்ணாடியை மறைக்கிற ஊரில், ஒரு காலை வழி தெரியாமல் வடிகானுக்குள் விழுந்து எழுந்தவள், லேசர் செய்வதென்று முடிவெடுத்தாள்.

"லேசரா?" என்றார் மாமா. "உக்காரு புள்ள. மூணு வகை இருக்கு. ஒண்ணு, கருவிழியில மூடி மாதிரி வெட்டித் தொறந்து செய்யிறது. ரெண்டு, மேல்தோல எடுத்துட்டுச் செய்யிறது. மூணு, சின்னதா கீறி உள்ளுக்கிருந்து ஒரு துண்ட உருவுறது. ஒனக்கு மூணாவதுதான். வீடியோவுல பாத்துட்டேன். ஆனா நடுவுல தும்மினா கண்ணு போச்சு!"

அந்தத் தும்மலுக்குப் பயந்தே பூரணி இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு கண்டிக்குப் புறப்பட்டபோது மாமாவும் துணைக்கு ஏறிக்கொண்டார். அங்கே டொக்டர் ஜிப்ரியா பூரணியிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"ஒங்க கருவிழி மெல்லிசு. ரெண்டாவது வகைதான் சரி," என்றார் டொக்டர், பூரணியை மட்டும் பார்த்து. "மூணு நாலு நாள் எரியும். பார்வை தெளிய சில வாரம் எடுக்கும். தும்மல் வந்தா பயப்பட வேணாம், கண்ணு அசைஞ்சா மெஷின் நின்னுரும்."

மாமா உடனே போனில் இன்னொரு வீடியோ தேடினார்.

சொட்டு மருந்து, ஒரு வெளிச்சம், முடி கருகுகிற வாடை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. எரிச்சல் வீட்டில்தான் ஆரம்பமானது. இரண்டாம் நாள், கண்ணீர் வழியப் படுத்திருந்தவளின் முகத்தில் மாமா போன் டோர்ச்சை அடித்தார்.

"ஐயையோ! கண்ணுமேல பிளாஸ்டிக்கு மாதிரி என்னமோ கெடக்கு. மறந்து விட்டுட்டாங்க! அசையாத, எடுத்துர்றேன்."

ஒப்பரேஷன் முடிந்த படபடப்பில் டொக்டர் ஏதோ லென்ஸ் என்று சொன்னது பூரணிக்கு அரைகுறையாக ஞாபகம். மாமாவின் விரல் இமையைத் தொட்டது. ஒரு கணம் எடுக்கட்டும் என்றுகூட இருந்தது, அவ்வளவு எரிச்சல். ஆனால் அவள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கைய எடுங்க மாமா! டொக்டர்கிட்ட பேசாம யாரும் தொடக்கூடாது."

அம்மா போன் போட்டுக் கொடுத்தார். "அது காயம் ஆற நாங்க வச்ச லென்ஸ்," என்றது டொக்டரின் குரல். "அஞ்சாம் நாள் நாங்களே கழட்டுவோம். இப்ப இழுத்தா புண்ணாயிரும்."

மாமா சற்றும் அசரவில்லை. "அதத்தான் நானும் சொன்னேன்."

ஆறு வாரம் கழித்து, பூரணி எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களை வெறுங்கண்ணால் ஒவ்வொருவராக எண்ணினாள். புடவைக் கடையிலோ, "நாங்க லேசர் செஞ்சப்ப, அந்த லென்ஸ யாரையும் தொடவே விடல" என்று துணியோடு சேர்த்து உபதேசமும் அளந்துகொண்டிருந்தார் மாமா.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் ஒருவர் உங்களிடம் "முழங்கால்ல ஒரு வலி" என்று ஆரம்பித்தாரே, அவரை அந்த வாக்கியத்தை முடிக்க விட்டீர்களா?