பச்சை ஊத்தினா பழுப்பு

ஜீப்பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த கீர்த்திவாசன் அப்படியே நின்றுவிட்டான். நேற்று மதியம் பச்சைப் பசேலென்று ஊற்றிய கூலன்ட், இன்று காலை டீக்கடை டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது.

"வர்ஷா! இங்க வந்து பாரேன்!"

"ஏனுங்க, மறுபடியும் காவித் தண்ணியா?" என்றாள் மனைவி, ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்காமலே. "ஞாயித்துக்கெழம எங்கக்கா புது ஊட்டுல பால் காய்ச்சறாங்க. கோயமுத்தூர் போற வழியில இது மக்கர் பண்ணுச்சுன்னா வித்துப்போடோணும். சொல்லிட்டேன்."

தேயிலைச் செடிகள் மேலெல்லாம் உறைபனி. குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் ஆறுக்குட்டி, பழைய ஏடிஎம் கார்டால் ஜீப் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிக்கட்டி டீ ஃபேக்டரியில் கிளார்க் வேலைக்கு வந்த கீர்த்திவாசன், வந்ததும் வாங்கியது இந்தக் கிழட்டு ஜீப். வெறும் தண்ணீர் ஊற்றினால் இரும்பு அரித்துவிடும், கூலன்ட் ஊற்றினால் துரு அண்டாது என்று எங்கேயோ பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. ஃபேக்டரியில் எடை போடுகிறவர், தபால்காரர், பக்கத்து வீட்டுத் தபித்தாள் அக்கா, ஒருத்தரையும் விடவில்லை. வாயைப் பிளந்து கேட்ட ஒரே ஆள் ஆறுக்குட்டிதான்.

"அப்ப துருவே புடிக்காதுங்களா தம்பி?"

"புடிக்கவே புடிக்காதுங்ணா!"

"அடேயப்பா!"

அந்தப் பாசத்தில்தான் முதல் நாளே அவன் சொல்லி வைத்திருந்தான்: "ஏனுங்ணா, இத உங்க சொந்த வண்டியாட்டம் பாத்துக்கங்க."

"அதச் சொல்லோணுமாக்கும்? எஸ்டேட் லாரி ஓட்டியே வயசானவனுங்க நானு."

மஞ்சூர் மெக்கானிக் ஜாபேஸ் மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "உள்ள பழைய துரு சார். கழுவித் தள்ளிரலாம்."

கழுவினான். தெளிவாகத் தண்ணீர் வருகிற வரைக்கும் கழுவி, புது கூலன்ட் ஊற்றினான். ராத்திரி வண்டி அவன் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. காலையில் பார்த்தால் கிளிப் பச்சை! கீர்த்திவாசன் விசிலடித்தபடி வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

மறுநாள் காலை டிகாக்‌ஷன்.

போதாக்குறைக்கு வண்டிக்கு அடியில் மண் சொதசொதவென்று ஈரம். போனைப் போட்டான்.

"ஜாபேஸ், ஒழுகுது!"

"உள்ள எவ்வளவு சார் கொறைஞ்சிருக்கு?"

"கொறையல. தளும்பத் தளும்ப இருக்கு."

"ஒழுகுனா கொறையணுமே சார்?"

"அதத்தானய்யா நானும் கேக்கறேன்!"

எதற்கும் இருக்கட்டும் என்று ஹோஸை மாற்றினார்கள், மூடியை மாற்றினார்கள், தினமும் புது கூலன்ட் ஊற்றினார்கள். ஈரமும் மாறவில்லை, காவியும் மாறவில்லை. கீர்த்திவாசனுக்குச் சோறு இறங்கவில்லை. கவலை பாதி, ஆர்வம் பாதி. ஜாம் பாட்டிலில் கூலன்ட் ஊற்றி, ரெண்டு ஆணியைப் போட்டு, ஜீப் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தான். காலையில் பாட்டில் பச்சை, ஆணி பளபள. ரேடியேட்டர் பழுப்பு.

"அதே கூலன்ட், அதே குளிரு. பாட்டிலுக்கு ஒரு நியாயம், ஜீப்புக்கு ஒரு நியாயமா?"

"உங்ககிட்ட வந்ததுல அதுக்குப் பித்தம் போல," என்றாள் வர்ஷா.

ஜாபேஸ் தலையைச் சொறிந்தான். "இந்த வண்டிக்கு உங்க ஊடு ஆகல சார். பேசாம எங்கிட்டக் குடுத்துருங்க."

கீர்த்திவாசனுக்குச் சுரீரென்றது. இவன் இடத்தில் பச்சை, நம் இடத்தில் பழுப்பு. அடிமாட்டு விலைக்குத் தட்டப் பார்க்கிறானோ? ஆள் வைத்து எதையாவது கலக்குகிறானோ?

நேராக ஆறுக்குட்டியிடம் போனான். "ஏனுங்ணா, ராத்திரியில யாராச்சும் வண்டிகிட்ட வர்றாங்களா?"

"வெளியாளு ஒருத்தன் கேட்டத் தாண்டிருவானுங்களா? நான் எதுக்கு இருக்கேன்?"

"இனிமே இன்னும் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கங்க."

ஆறுக்குட்டி நிமிர்ந்து நின்றார். "உடுங்க தம்பி. இனி ஒண்ணுக்கு ரெண்டு தடவையாப் பாத்துர்றேன்."

மறுநாள் மூடியைத் திறந்தால் சேற்றுக் குழம்பு. அதன் மேல் சின்னதாக ஒரு இலை மிதந்தது.

"வர்ஷா, கூலன்ட்ல செடி மொளைக்குமா?"

"மொளைச்சா பறிச்சுட்டு வாங்க. பொரியல் பண்ணலாம்."

ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சேலையும் பரிசுக் குக்கருமாக வர்ஷா ஏறி உட்கார்ந்தாள். மஞ்சூருக்கு முன்னால் இருந்த ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் முழுக்கச் சேறு அடைத்து, ஜீப் நடுரோட்டில் படுத்துவிட்டது. பின்னாலேயே வந்த பஸ்ஸை வர்ஷா கை காட்டி நிறுத்தி, குக்கரோடு ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஒரே வார்த்தை:

"வித்துப்போடுங்க!"

இழுத்துக்கொண்டு போய்ச் சரி பண்ணித் தந்தவனும் ஜாபேஸ்தான், விலைக்குக் கேட்டவனும் அவன்தான். வேறு யார் வாங்குவார்கள்? அந்த வாரமே சாவியை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வந்துவிட்டான்.

"சந்தேகப்படாதீங்க சார். நெசமாலுமே எனக்கும் ஒண்ணும் புரியல," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

கீர்த்திவாசன் பானெட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தான். ஆறுக்குட்டி ஏடிஎம் கார்டை எடுத்து, கடைசியாக ஒருதரம் கண்ணாடியைச் சுரண்டிவிட்டார். ஜீப் கேட்டைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்தது.

ஆறுக்குட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"ஒருவகையில நல்லதுதானுங்க தம்பி. பனியில உறைஞ்சு ரேடியேட்டர் வெடிச்சுரக் கூடாதேன்னு, தெனம் ராத்திரி அந்தப் பச்சத் தண்ணியத் தொறந்து உட்டுட்டு, விடியறதுக்குள்ள செம்மண் ஓடையில மொண்டாந்து ரொப்பி ரொப்பி, என்ற இடுப்பே போயிருச்சுங்க."