சடை விஷயமாக மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும், அவளுடைய வலது தோள்பட்டை நீங்கலாக, சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் செய்யாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் சமையலறையில் பேசினால் படுக்கையறையில் கேட்கும். அந்தக் காரணத்தால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன். விஷயம் என்னவென்றால், தங்கள் தங்கை தலைமுடியைக் காதளவுக்கு வெட்டிக்கொள்ளப் போகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்லருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தாங்கள் அதற்குள் அவளுக்குப் போன் போட்டு எப்படியாவது தடுக்க வேண்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம் பார்த்து அவளுக்குத் தோள் இறுகிப்போனது தங்களுக்குத் தெரியும். கை காதுக்கு மேல் ஏறவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றச் சொன்னார் டாக்டர், அவள் விரல் எட்டுகிற இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அதெல்லாம் சரி, இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியை யார் பின்னுவது? பல் ஆஸ்பத்திரி முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு போக முடியுமா? நான் பின்னுகிறேன் என்றேன். பாதி ஆயுசை டெலிபோன் கேபிள் குழிக்குள் கழித்து, நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கலர் பார்த்துப் பிரித்துச் சேர்த்தவனுக்கு மூன்று கற்றை முடி எந்த மூலைக்கு என்ற திமிர்தான். ஆனால் மச்சான், கம்பிக்குக் கலர் உண்டு, முடிக்குக் கிடையாது. பாதிப் பின்னலில் எது எதன் மேல் போக வேண்டும் என்பது மறந்துபோய்விடும். ஆகவே பழைய பழக்கத்தில் மூன்று நுனியிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டேன். பின்னல் பிரமாதமாக வந்தது, டேப்பை எடுக்கத்தான் மறந்துவிட்டேன். அன்றைக்கு டோக்கன் வாங்க வந்தவர்களெல்லாம் பல்வலியோடு சிரித்திருக்கிறார்கள். இன்னொன்றும் நடந்தது. கேபிளில் இணைப்புப் போட்டு முடித்ததும் பலமாக ஒரு இழு இழுத்துப் பார்க்காமல் நாங்கள் குழியை விட்டு ஏறமாட்டோம். கை தானாக இழுத்துவிட்டது. "நான் என்ன குழியிலயா கெடக்கேன்?" என்று கேட்டாள்.

இருந்தாலும் போகப்போகக் கை படிந்துவிட்டது. தினமும் காலையில் அவள் பால்கனி ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். சிக்கெடுத்து, வகிர்ந்து, பின்னி முடிக்கும் வரை பேச்சு ஓடும். எந்த டாக்டர் யாரைக் கடிந்துகொண்டார், பல்லைப் பிடுங்க வந்து பாதியில் எழுந்து ஓடியவர் யார், எல்லாம் சொல்லுவாள். முகம் பார்த்துச் சொல்லத் தயங்குகிற விஷயங்களையும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் சொல்லுவாள், மகள் ஊருக்கு வந்து போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது என்பது மாதிரி. நானும் பதில் சொல்லுவேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதில்லை மச்சான். நான் விடிவதற்கு முன்னால் கிளம்புகிற ஆள், திரும்பி வரும்போது அவள் களைத்திருப்பாள், அப்படியே காலம் ஓடிவிட்டது. இப்போது எனக்கு நாள் முழுக்க இருக்கிற ஒரே வேலை அந்தச் சடைதான். அது முடிந்த பிறகு நான் பேப்பர் படிக்கிறேன், வேறொன்றும் செய்வதில்லை.

அப்புறம் வந்தது அந்தச் சனியன் பிடித்த நாள். ரப்பர் பேண்டைக் காணோம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குதிக்கிறாள். சட்டென்று என் டூல் பையிலிருந்து ஒரு கேபிள் டையை எடுத்துச் சடை நுனியில் மாட்டி இறுக்கிவிட்டேன். தங்களுக்குத் தெரியாமலிருக்கலாம், அது பல் வைத்த பிளாஸ்டிக் பட்டி. இறுக்கினால் இறுக்கினதுதான், அவிழ்க்க வழியே கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் கட்டரால் வெட்டினேன். பட்டி வந்தது, கூடவே நாலு விரல் நீளத்துக்கு ஒரு பக்கத்து முடியும் வந்தது. சமம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இன்னொரு பக்கம் வெட்டினேன், அது ஏறிவிட்டது, மறுபடி இந்தப் பக்கம் வெட்டினேன். போதும் நிறுத்துங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பார்லருக்குப் போனாள்.

பார்லர்க்காரம்மா நுனியைச் சரி பண்ணிவிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "இத ஏன் மேடம் கட்டிச் சுமக்கறீங்க? காதோட வெட்டிட்டா, குளிச்சிட்டு ஒரு உதறு உதறினா வேலை முடிஞ்சுது," என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். யார் வேலை முடிந்தது மச்சான்? என் வேலையல்லவா!

தங்கள் தங்கை உடனே முடிவெடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பல நாள் கண்ணாடி முன்னால் நின்று, முடியை மடித்துக் கிளிப் போட்டுக் காதளவுக்குக் காட்டி, எப்படியிருக்கு என்று கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் "உன் இஷ்டம்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மனைவிக்குச் சடை பின்ன ஆசையாக இருக்கிறது என்று இந்த வயசில் ஒரு ஆம்பளை எப்படிச் சொல்லுவான், நீங்களே சொல்லுங்கள். இந்த லட்சணத்தில் போன வாரம் என் பழைய சகா ஒருத்தன் போன் செய்து, ரிட்டயராகி நிம்மதியா இருக்கியா என்றான். எனக்கும் இன்னும் வேலை இருக்கிறது என்று அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வீம்பில், "எங்கப்பா விடறாங்க, தெனம் காலைல ஒரு கேபிள் வேலை கழுத்தை அறுக்குது" என்று சமையலறையில் நின்று சத்தமாகச் சொன்னேன். சடையைத்தான் கேபிள் என்றேன், அதுவும் பெருமைக்குத்தான் சொன்னேன் மச்சான், சத்தியமாக. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் காதில் அது பெருமையாகவா விழுந்திருக்கும்? அன்று சாயங்காலமே பார்லரில் சொல்லி வைத்துவிட்டாள். "உங்களுக்கும் சிரமம், எனக்கும் பாரம், வெட்டிடறேன்" என்றாள். அப்போதும் நான் உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன்.

அண்ணன் பேச்சை அவள் என்றைக்கும் தட்டியதில்லை. ஆகவே தாங்கள் யதேச்சையாகப் பேசுவதுபோல் பேசி, காதில் குளிர்காற்று ஏறும் என்றோ, நம் குடும்பத்து முகவெட்டுக்குக் குட்டை முடி பொருந்தாது என்றோ சொல்லிப் பார்க்கவும். தங்கள் தலையை மட்டும் உதாரணம் காட்ட வேண்டாம். முடியில்லாத தலைக்கு எந்தச் சிரமமும் கிடையாது என்பதை அவள் கவனித்துவிடுவாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள்.

என்றும் தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

பி.கு: மேலே கண்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, யாருக்கு லெட்டர் என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பொய் வராது. சடை பின்னப் பிடிக்கும் என்பதிலிருந்து சமையலறைப் பேச்சு வரைக்கும் நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுப் பசையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை போய்க் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லப்போனால் நன்றாகவே இருக்கிறது, முகம் தெளிவாகத் தெரிகிறது. நான் இரவு சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால், ஸ்டூலைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், கையில் சீப்பு. இன்னும் என்ன இருக்கிறது என்றேன். "பின்னாடி ரெண்டு முடி நிக்குது, படிய வாருங்க" என்றாள். வாரினேன். உதறினால் முடிந்துவிடும் என்றார்களே, அப்புறம் எதற்கு வெட்டினாய் என்று கேட்டேன். "முடி பாரமா இருந்துச்சு, வெட்டினேன். இங்க வந்து உக்கார்றதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். நேற்று ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்தவள், போகிறபோக்கில் வலது கையை நீட்டி, பீரோ மேல் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் போட்ட கடைசிக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே இருந்தது அந்தத் துண்டு. அந்தக் கை எத்தனை நாளாகச் சரியாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எழுதினதை வீணாக்க மனமில்லாமல் கடிதத்தை அனுப்புகிறேன். தாங்கள் போனில் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.